தாய்லாந்துப் புத்தத் தாயத்து பெறுவது எப்படி: கோவில் அலுவலகத்திலிருந்து விமான நிலையம் வரை

தாய்லாந்தில் கழுத்தில் அணியப்படும் சிறு புத்த வடிவங்களையும் துறவிகளின் உருவம் பொறித்த பதக்கங்களையும் அங்குள்ளவர்கள் பிரா குருவாங் என்று அழைக்கிறார்கள். சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ உடன் வேலை செய்பவரின் கழுத்தில் அதைக் கண்டு ஆர்வம் கொண்டவர்களுக்காகவும், பாங்காக்கிற்குச் சுற்றுலா செல்லும்போது நம்பிக்கையோடு ஒன்று பெற்றுவர நினைப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். எந்தத் தாளைக் கேட்டு வாங்க வேண்டும், என்ன செலவாகும், எதை விமானத்தில் கொண்டுவரலாம் என்பதை ஒருசேரச் சொல்பவர் எனக்கு அகப்படவில்லை. கடைக்காரர் ஒன்று சொன்னார், கோவில் அலுவலகத்தில் வேறொன்று சொன்னார்கள், இணையத்தில் படித்தது இரண்டுக்கும் பொருந்தவில்லை.

தொடங்கும் முன் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். ஒரு தாயத்தைப் பற்றி இரண்டு கேள்விகள் உண்டு: அதற்கு முறைப்படி ஆசி செய்யப்பட்டதா என்பது ஒன்று, கையில் இருக்கும் இந்தப் பொருள் அந்த ஆசி பெற்ற தொகுதியைச் சேர்ந்ததுதானா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு விடை கோவிலிடமும், இரண்டாவதற்கு விடை சந்தையில் பழகியவர்களிடமும் இருக்கிறது. ஒன்றுக்கான சான்றை மற்றொன்றுக்கான சான்றாக எடுத்துக்கொள்வதால்தான் புதியவர்கள் பெரும்பாலும் பணத்தை இழக்கிறார்கள்.

1. எதற்காக என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

கடைக்குப் போனதும் உங்களிடம் கேட்கப்படும் முதல் கேள்வி எந்தப் பலனுக்கு வேண்டும் என்பதுதான். விபத்திலிருந்தும் ஆபத்திலிருந்தும் தப்பவைப்பது என்று நம்பப்படுவதை க்லேவ் க்லாட் என்றும், ஆயுதங்கள் உடலைத் துளைக்காமல் காப்பது என்று நம்பப்படுவதை கொங் கிரபான் என்றும், பிறரின் அன்பையும் நன்மதிப்பையும் ஈட்டித் தருவதை மெத்தா மகாநியோம் என்றும், செல்வமும் அதிர்ஷ்டமும் சேர்ப்பதை சோக் லாப் என்றும் பிரிக்கிறார்கள். ஓட்டுநர்கள் முதல் வகையையும், காவல்துறையினரும் படைவீரர்களும் இரண்டாவதையும், வணிகர்கள் கடைசி இரண்டையும் நாடுவது வழக்கம். இந்தச் சொற்களைத் தெரிந்துகொண்டு போனால், கடைக்காரர் உங்கள் முகத்தைப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் நிலை வராது.

ஆனால் இதைவிட முக்கியமான முடிவு, அணிந்து வழிபடுவதற்கா அல்லது சேகரிப்பதற்கா என்பது. வழிபடுவதற்கு என்றால் ஒரு கோவிலுக்குப் போய், அங்கே வழங்கப்படும் புதிய தொகுதியிலிருந்து சில நூறு பாட் (தாய்லாந்து நாணயம்) காணிக்கையில் ஒன்றைப் பெறுவதே போதும். சந்தையோ, சான்றிதழோ, உருப்பெருக்கிக் கண்ணாடியோ தேவையில்லை, இந்தக் கட்டுரையில் 6, 7 ஆகிய பகுதிகளைத் தாண்டிப் போகலாம். சேகரிப்பதற்கு என்றால், குறைந்தது ஓராண்டாவது பார்த்துப் பழகாமல் பெரிய தொகை எதையும் கொடுக்காதீர்கள். முதலீடு என்ற மூன்றாவது நோக்கத்தை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். நகோன் சி தம்மராட் நகரத்தின் ஜதுகாம் ராமதெப் பதக்கங்களுக்கு 2006, 2007 ஆண்டுகளில் நாடே அலைமோதியது. விலை பல மடங்கு ஏறி, பிறகு அதே வேகத்தில் இறங்கியது. அன்று உச்ச விலைக்கு வாங்கியவற்றுள் பல இன்று சில்லறை விலைக்குக் கிடைக்கின்றன.

2. துறவி, கோவில், தொகுதி: மூன்றையும் எழுதிக்கொண்டு போங்கள்

தாய்லாந்தில் ஒரு தாயத்தின் அடையாளம் மூன்று விவரங்களால் ஆனது: எந்தத் துறவியின் பெயரில், எந்தக் கோவிலில், எந்தத் தொகுதியில் வந்தது என்பன. தொகுதிக்கு அங்கே ருன் என்று பெயர். ஒரே துறவியின் ஒரே உருவம் பத்து முறை வெளியாகியிருக்கலாம். முதல் தொகுதி இலட்சக்கணக்கான பாட்டும், பத்தாவது தொகுதி நூறு பாட்டும் பெறலாம். எனவே "லுவாங் பு துவாட் தாயத்து வேண்டும்" என்று மட்டும் கேட்பது, துணிக்கடையில் போய்ப் புடவை வேண்டும் என்று மட்டும் கேட்பது போன்றது.

புதியவர்கள் பெரும்பாலும் இரண்டு பெயர்களில் ஒன்றைக் கேள்விப்பட்டு வருகிறார்கள். முதலாவது, லுவாங் பு துவாட் என்ற துறவியின் உருவம். விபத்துக் காப்புக்காக மலேசியாவிலும் சிங்கப்பூரிலும்கூடப் பலர் அணிவது இது. இதன் மூலத் தொகுதி பத்தானி மாநிலத்தின் வாட் சாங் ஹாய் கோவிலில் 1954-இல் வெளியானது. ஆனால் பத்தானி பாதுகாப்புச் சிக்கல் உள்ள தென் எல்லைப் பகுதி; பயணக் காப்பீட்டு நிறுவனங்கள் சில அப்பகுதியை விலக்கி வைக்கின்றன என்பதால் உங்கள் காப்பீட்டு ஒப்பந்தத்தைப் படித்துப் பாருங்கள். அங்கே போகத் தயங்குபவர்கள், அத்துறவியோடு தொடர்புடைய சொங்க்லா மாநிலத்து வாட் பா கோ கோவிலுக்கோ, அவருடைய மிகப் பெரிய சிலை உள்ள ஹுவா ஹின் அருகிலுள்ள வாட் ஹுவாய் மொங்கோன் கோவிலுக்கோ போகலாம்.

இரண்டாவது பிரா சொம்தெட். 1788 முதல் 1872 வரை வாழ்ந்த சொம்தெட் தோ என்ற பெருந்துறவி பொடியைக் குழைத்து அச்சில் வார்த்த செவ்வக வடிவம் இது. ஐந்து தலையாய தாயத்துகள் என்று சேகரிப்பாளர்கள் போற்றும் பெஞ்சபாகி வரிசையில் முதலிடம் பெறுவதும் இதுவே. அவர் காலத்து மூலப் பொருளின் விலை மில்லியன் கணக்கான பாட்டில் இருக்கிறது. அப்படிப்பட்ட ஒன்றை ஐயாயிரம் பாட்டுக்கு உங்களுக்கு விற்க எவருக்கும் காரணம் இல்லை, அது எவ்வளவு பழையதாகத் தெரிந்தாலும் சரி. ஆனால் அவர் தலைமை வகித்த வாட் ரகாங் கோவில் அதே வடிவத்தில் பல தொகுதிகளைப் பிற்காலத்தில் வெளியிட்டுள்ளது. புதியவருக்கு உரியவை அவைதான்.

ஆண்டுக் கணக்கில் ஒரு பொறி இருக்கிறது. தாயத்துகளிலும் அறிவிப்புகளிலும் புத்த ஆண்டுதான் எழுதப்படும். அதிலிருந்து 543-ஐக் கழித்தால் நாம் பயன்படுத்தும் ஆண்டு வரும். 2497 என்று இருந்தால் அது 1954. 2560 என்று இருந்தால் அது 2017. பல பதக்கங்களில் எண்கள் தாய் எழுத்திலேயே இருக்கும் என்பதால், அந்தப் பத்து இலக்கங்களையும் பயணத்துக்கு முன்பே பழகிக்கொள்ளுங்கள். ஒரு மாலைப்பொழுது போதும்.

3. பயணத் தேதியைத் தொகுதியின் காலத்தோடு பொருத்துங்கள்

ஒரு புதிய தொகுதி முதலில் அறிவிக்கப்படும், அடுத்து முன்பதிவு நடக்கும், பிறகு ஆசிச் சடங்கு, கடைசியில் வழங்கல். முன்பதிவுக்கும் வழங்கலுக்கும் இடையே சில வாரங்களோ மாதங்களோ ஆகலாம். சுற்றுலா சென்றவர் பணம் கட்டி முன்பதிவு செய்துவிட்டு, பொருள் கைக்கு வரும் முன்பே ஊர் திரும்ப வேண்டிய நிலை அடிக்கடி ஏற்படுகிறது. பதிவுச் சீட்டின் மூலத் தாளைக் காட்டினால்தான் பொருளைக் கொடுப்பார்கள் என்று பல கோவில்கள் சொல்லிவிடுவதால், தாய்லாந்தில் வசிக்கும் நம்பகமான ஒருவர் இல்லாவிட்டால் முன்பதிவில் இறங்காதீர்கள். ஏற்கெனவே சடங்கு முடிந்து, கோவிலில் வழங்கப்பட்டுக்கொண்டிருக்கும் தொகுதியைத் தேர்ந்தெடுப்பதே குறுகிய பயணத்துக்கு ஏற்றது.

துறவிகள் கோவிலைவிட்டு வெளியே தங்காத மழைக்கால நோன்பு, பெரும்பாலும் ஜூலை மாதப் பௌர்ணமியை ஒட்டித் தொடங்கி அக்டோபர் வரை நீடிக்கும். அந்த மூன்று மாதமும் ஒரே துறவி நாள்தோறும் ஆசி செய்யும் தொகுதிகளுக்கு மதிப்பு அதிகம். அவை நோன்பு முடிந்த பிறகே வெளியே வரும். ஏப்ரல் நடுவில் சொங்க்ரான் புத்தாண்டு நாள்களைத் தவிர்ப்பது நல்லது: கோவில்களில் நிற்க இடம் இருக்காது, சந்தைக் கடைகள் பலவும் மூடியிருக்கும்.

4. கோவிலில் பெற்றுக்கொள்ளும் முறை

தோளும் முழங்காலும் மூடிய உடை அணிந்து செல்லுங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு முதன்மைப் புத்தரை மூன்று முறை வணங்கிய பிறகு, தாயத்துகள் கண்ணாடிப் பெட்டியில் வைக்கப்பட்டிருக்கும் முகப்புக்குப் போங்கள். கோவிலில் பூச்சா என்றும் சந்தையில் சாவ் என்றும் சொல்லித்தான் கேட்பார்கள். விலைக்கு வாங்குவதைக் குறிக்கும் சாதாரணச் சொல்லைப் புனிதப் பொருளுக்குப் பயன்படுத்துவதில்லை. பேரம் பேசக் கூடாது. அட்டையில் எழுதியிருக்கும் தொகை காணிக்கை, அது குறையாது.

புதிய தொகுதியின் செப்புப் பதக்கமோ பொடியில் வார்த்த வடிவமோ பெரும்பாலும் நூறு பாட்டிலிருந்து சில நூறு பாட் வரை இருக்கும். வெள்ளி ஆயிரங்களுக்குப் போகும். பொன் அன்றைய தங்க விலையோடு ஏறி இறங்கும். ஆசி எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்; ஒரே மண்டபத்தில், ஒரே நேரத்தில், ஒரே நூலால் சுற்றப்பட்டு ஆசி பெற்ற செம்புக்கும் பொன்னுக்கும் அருளில் வேறுபாடு இருப்பதாகச் சொல்பவர் விற்பனையாளராக மட்டுமே இருப்பார்.

கையில் ரொக்கம் வைத்திருங்கள். பெரும்பாலான கோவில்களில் உள்ளூர் வங்கிகளுக்கான கியூஆர் குறியீடுதான் ஒட்டப்பட்டிருக்கும். நம் நாட்டுக் கைப்பேசிச் செயலி அங்கே எடுபடும் என்று நம்பிப் போகக் கூடாது. பணத்தை முகப்பில் இருக்கும் பணியாளரிடமோ உண்டியலிலோ சேர்க்க வேண்டும். தனிமனிதரின் வங்கிக் கணக்குக்கு அனுப்பச் சொன்னால், சொல்பவர் காவி உடுத்தியவராக இருந்தாலும், மறுத்துவிடுங்கள்.

பெற வேண்டிய தாள்கள் மூன்று. முதலாவது, அனுமோதனா எனப்படும் நன்கொடைச் சீட்டு. தொகை சிறியதாக இருந்தால் தாமாகத் தர மாட்டார்கள், நீங்கள்தான் கேட்க வேண்டும். இரண்டாவது, தொகுதியை அறிவிக்கும் துண்டறிக்கை. அதில் சடங்கு நாள், பங்கேற்ற துறவிகளின் பெயர்கள், எந்த உலோகத்தில் எத்தனை செய்யப்பட்டன என்ற கணக்கு ஆகியவை இருக்கும். மூன்றாவது, தாயத்தோடு வரும் பெட்டியும் உறையும். துண்டறிக்கை தீர்ந்துவிட்டது என்றால், சுவரில் ஒட்டியிருக்கும் அறிவிப்பைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். கோவில் முகப்பில் வைத்துத் தாயத்தின் இரு பக்கங்களையும், அதில் முத்திரை அடையாளமோ வரிசை எண்ணோ இருந்தால் அதையும் சேர்த்து ஒரு படம் எடுத்துவைப்பது, பிற்காலத்தில் எந்தச் சான்றிதழையும்விடப் பயன்படும்.

5. ஆசி எப்படி நடக்கிறது, எதைச் சரிபார்க்கலாம்

தாயத்துகளுக்கான முதன்மைச் சடங்கைப் புத்தாபிஷேகம் என்கிறார்கள். முதன்மைப் புத்தர் சிலையிலிருந்து புறப்படும் வெள்ளைப் பருத்தி நூல், குவித்து வைத்திருக்கும் தாயத்துகளைச் சுற்றிக்கொண்டு, அமர்ந்திருக்கும் துறவிகளின் கைகளைச் சென்று சேரும். குறித்த நல்ல நேரத்தில் மூத்த துறவியோ சிறப்பு விருந்தினரோ வெற்றி மெழுகுவர்த்தி எனப்படும் பெரிய விளக்கை ஏற்றுவார். ஒரு குழுவினர் பாலி மொழியில் ஓதிக்கொண்டிருக்க, ஆசி ஆற்றலுக்குப் பெயர்பெற்ற துறவிகள் திசைக்கு ஒருவராக அமர்ந்து, கண்மூடித் தியானத்தில் தங்கள் மன ஆற்றலைப் பொருள்களுக்குள் செலுத்துவதாக நம்பப்படுகிறது. விளக்கை அணைத்து, புனித நீர் தெளித்ததும் சடங்கு நிறைவடையும். சில மணி நேரத்தில் முடிவதும் உண்டு, இரவு முழுவதும் நீடிப்பதும் உண்டு.

நீங்கள் ஏற்கெனவே வைத்திருக்கும் தாயத்தையும் இச்சடங்கில் சேர்க்க முடியும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. பல கோவில்கள் பக்தர்கள் கொண்டுவரும் பொருள்களையும் மண்டபத்துக்குள் ஏற்றுக்கொள்கின்றன. சிறு துணிப்பையில் போட்டு, பெயரையும் தொலைபேசி எண்ணையும் தெளிவாக எழுதி, சடங்கு தொடங்கும் முன் ஒப்படைக்க வேண்டும். விலையுயர்ந்த எதையும் இப்படிக் கொடுக்காதீர்கள். நூற்றுக்கணக்கான பைகளுக்கு நடுவில் உங்களுடையதைத் தேடுவது எளிதன்று.

நம்பிக்கையை யாராலும் அளக்க முடியாது. ஆனால் சடங்கு நடந்ததா என்பதைச் சரிபார்க்க முடியும். கோவிலின் முகநூல் பக்கத்தில் அந்த நாளின் படங்கள் இருக்கின்றனவா, துண்டறிக்கையில் சொல்லப்பட்ட துறவிகள் அப்படங்களில் இருக்கிறார்களா, அச்சுகளை உடைத்துவிட்டதாகக் கோவில் படம் வெளியிட்டிருக்கிறதா என்று பாருங்கள். அச்சை உடைப்பது, அறிவித்த எண்ணிக்கைக்கு மேல் செய்ய மாட்டோம் என்பதற்கான வழக்கமான உறுதி. இங்கே கவனிக்க வேண்டிய பொறி, பதக்கத்தின் பின்புறம் கோவிலின் பெயர் பொறித்திருப்பதாலேயே அந்தக் கோவில்தான் அதை வெளியிட்டது என்று எடுத்துக்கொள்வது. தனியார் செலவில் வெளியாகும் தொகுதிகள் உண்டு. அவற்றுள் கோவிலின் இசைவோடு வருபவையும் இருக்கின்றன, பெயரை மட்டும் எடுத்துக்கொள்பவையும் இருக்கின்றன. கோவில் அலுவலகத்தில் படத்தைக் காட்டி "இது உங்களுடையதா" என்று கேட்டால் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள்.

சடங்குக்குக் காத்திருக்க நேரமில்லாதவர்கள் ஒரு துறவியிடம் தனியாக ஆசி பெறலாம். துறவிகள் நண்பகலுக்குப் பிறகு உணவு உண்பதில்லை என்பதால் பதினொரு மணியை ஒட்டிய வேளையில் போய்த் தொந்தரவு செய்யாதீர்கள். காலை ஒன்பது மணியளவிலோ பிற்பகல் ஒரு மணிக்குப் பிறகோ போவது முறை. சங்கதான் எனப்படும் காணிக்கை வாளியைக் கோவிலிலோ அருகிலுள்ள கடையிலோ சில நூறு பாட்டுக்கு வாங்கி அளித்துவிட்டு, தாயத்தைத் தட்டில் வைத்து நீட்ட வேண்டும். பெண்கள் துறவியைத் தொடவோ, கைக்குக் கை பொருள் கொடுக்கவோ கூடாது. துறவி ஒரு துணியை விரிப்பார், அதன்மேல் வைத்தால் போதும்.

ஆசி செய்ய மறுக்கும் துறவிகளும் உண்டு. புத்ததாச பிக்கு போன்ற பெரியோர் தாயத்து நம்பிக்கையைக் கடுமையாக விமர்சித்தார்கள். அந்த வழியில் நிற்கும் கோவில்களில் தாயத்தை நீட்டினால், தியானம் செய்யுங்கள் என்ற அறிவுரைதான் கிடைக்கும். அதை அவமதிப்பாகக் கருத வேண்டியதில்லை.

6. சந்தைக்குப் போவதானால்

பாங்காக்கில் புகழ்பெற்ற சந்தை, ஆற்றங்கரையில் வாட் மகாதாட் கோவிலை ஒட்டிய தா பிரா சான் பகுதியில் இருக்கிறது. அருகிலுள்ள தா சாங் படித்துறையில் படகேறி ஆற்றைக் கடந்தால் வாட் ரகாங். காலையில் கோவில், பிற்பகலில் சந்தை என்று ஒரே நாளில் இரண்டையும் முடிக்கலாம். நடைபாதைத் தட்டுகளில் இருபது பாட்டுக்கும் ஐம்பது பாட்டுக்கும் குவிந்து கிடப்பவை பெரும்பாலும் பட்டறையில் செய்த நகல்கள். நினைவுப் பொருளாக அவற்றை எடுப்பதில் தவறில்லை. பழம்பொருள் என்று எண்ணி எடுக்கக் கூடாது.

கடைக்குள் போனால் பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடியை உங்களிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்வார்கள். அதில் எதைப் பார்ப்பது என்று தெரியாதவர் பார்ப்பதுபோல் நடிப்பதைக் கடைக்காரர் முதல் நொடியிலேயே கண்டுகொள்வார். உண்மையில் பார்ப்பது அச்சின் கோடுகளையும், பொருளின் வயதுக்கேற்ற சுருக்கத்தையும், வெட்டிய விளிம்பையும், உலோகமானால் முத்திரை அடித்த கூர்மையையும். இவற்றைப் படங்களை வைத்துக் கற்க முடியாது. ஐயமற்ற ஒன்றைக் கையில் வைத்துப் பலமுறை பார்த்தால்தான் கண் பழகும். அதுவரை வேறு பாதுகாப்பைத் தேடுங்கள். நேர்மையான கடைக்காரர் போலி என்று தெரிந்தால் திரும்பப் பெறுவதாக உறுதியளிப்பார். அந்த உறுதியைக் கடைப் பெயர், தேதி, தொகை, தாயத்தின் படம், எத்தனை நாளுக்குள், யார் போலி என்று சொன்னால், எவ்வளவு கழித்துக்கொண்டு திருப்பித் தருவார் என்ற விவரங்களோடு எழுதி வாங்குங்கள். வாய்ச்சொல்லுக்கு விமானம் ஏறிய பிறகு மதிப்பில்லை.

இந்தத் துறவி மறைந்துவிட்டார், நாளை விலை இரட்டிப்பாகும் என்பது பழைய உத்தி. புகழ்பெற்ற துறவி மறைந்தவுடன் விலை ஏறுவது மெய்தான். அதே காரணத்தால் நகல்களும் அந்த வாரத்திலேயே பெருகும்.

7. சான்றிதழ் எதைச் சொல்கிறது

பாங்காக்கை ஒட்டிய நொந்தபுரியில் இருக்கும் பந்திப் ஙாம்வொங்வான் வணிக வளாகம் சேகரிப்பாளர்களின் முதன்மையான கூடுமிடம். சான்றிதழ் வழங்குபவர்களையும் அங்கே காணலாம். பொருளை நேரில் கொடுக்க வேண்டும், கட்டணம் கட்ட வேண்டும், பார்த்துவிட்டுப் படத்தோடு கூடிய அட்டை தருவார்கள். நூறு பாட் பதக்கத்துக்குச் சான்றிதழ் எடுப்பது வீண்செலவு. அட்டையின் கட்டணம் பதக்கத்தின் மதிப்பைத் தாண்டிவிடும்.

அந்த அட்டை சொல்வது இந்தப் பொருள் இன்ன கோவிலின் இன்ன தொகுதி என்பதை மட்டுமே. எத்தனை பேர் ஆசி செய்தார்கள், பலன் உண்டா என்பவற்றுக்கு அதில் இடமில்லை. விற்பவர் அட்டையைக் காட்டினால், அதிலுள்ள எண்ணை வழங்கிய அமைப்பின் தளத்தில் நீங்களே தேடி, அங்கே வரும் படத்தைக் கையிலுள்ள பொருளோடு கீறல் கீறலாக ஒப்பிடுங்கள். அட்டை உண்மையாகவும், அதனுடன் தரப்படும் தாயத்து வேறாகவும் இருப்பதுண்டு.

8. உறையும் சங்கிலியும்

பொடியிலும் மண்ணிலும் செய்தவை வியர்வை பட்டால் கரையும், விழுந்தால் உடையும். உறை கட்டாமல் அணியாதீர்கள். சந்தையிலேயே உறை போடும் கடைகள் இருக்கின்றன. நீர் புகாத பிளாஸ்டிக் உறை மிக மலிவு, காத்திருந்து வாங்கிக்கொள்ளலாம். வெள்ளிக்கும் பொன்னுக்கும் அளவெடுத்துச் செய்ய நாள்கள் ஆகும் என்பதால் பயணத்தின் முதல் நாளிலேயே கொடுத்துவிடுங்கள். தாய்லாந்துத் தங்கம் 96.5 விழுக்காடு தூய்மை கொண்டது. பாட் என்பது அங்கே தங்க எடைக்கும் பெயர்; நகைக்கான ஒரு பாட் எடை 15.16 கிராம். நம் ஊர் 916 தங்கத்தோடு ஒப்பிட்டு விலை கணக்கிடுபவர்கள் இந்த வேறுபாட்டை மறந்துவிடக் கூடாது. தாயத்தைக் கடையில் விட்டுவிட்டு வரும்போது, அதன் படத்தோடு கூடிய சீட்டைப் பெற்றுக்கொள்ளுங்கள்.

9. நாட்டைவிட்டு எடுத்துச் செல்லுதல்

தாய்லாந்தின் 1961-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பழம்பொருள்களையும் கலைப்பொருள்களையும் நுண்கலைத் துறையின் உரிமம் இல்லாமல் வெளியே கொண்டுசெல்ல முடியாது. புத்தர் உருவங்களுக்குக் கட்டுப்பாடு இன்னும் கூடுதல். ஒருவர் தம் வழிபாட்டுக்காக உடலில் அணிந்து செல்லும் சிறு தாயத்துகளுக்கு நடைமுறையில் விலக்கு உண்டு. ஒன்றிரண்டு தாயத்துகளைக் கழுத்தில் அணிந்து செல்பவரை யாரும் நிறுத்துவதில்லை. பெட்டி நிறைய எடுத்துச் சென்றாலோ, பீடத்தில் வைக்கும் சிலையாக இருந்தாலோ, மெய்யாகவே பழமையானதாக இருந்தாலோ உரிமம் தேவை. கடவுச்சீட்டு நகலும் பொருளின் படங்களும் கொண்ட விண்ணப்பத்தை நுண்கலைத் துறையின் கீழுள்ள தேசிய அருங்காட்சியக அலுவலகத்தில் அளிக்க வேண்டும். அன்றே கிடைத்துவிடும் என்று எண்ணாமல், ஒரு வாரமாவது கையில் வைத்துக்கொண்டு விண்ணப்பியுங்கள். கடைக்காரர் உரிமம் எடுத்துத் தருவதாகச் சொன்னால், பணம் கொடுக்கும் முன் உரிமத்தைக் கண்ணால் பாருங்கள். அஞ்சலில் அனுப்புவதையும் இதே சட்டம் கட்டுப்படுத்துகிறது.

எந்தக் காரணத்துக்காகவும் எடுக்கக் கூடாதவை இரண்டு. புலிப்பல்லிலும் யானைத் தந்தத்திலும் செதுக்கிய தாயத்துகள் சந்தையில் வெளிப்படையாகவே கிடைக்கலாம். அவற்றை எல்லை தாண்டிக் கொண்டுவருவது அனைத்துலக வனவுயிர் ஒப்பந்தத்துக்கு மாறானது, இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி சிறைத் தண்டனைக்குரிய குற்றம். சிங்கப்பூர் தந்த விற்பனையை 2021 செப்டம்பரிலிருந்து முற்றாகத் தடை செய்திருக்கிறது. அடுத்தது, குமான் தொங், பிராய் எண்ணெய் என்ற பெயர்களில் மனித எச்சம் கலந்ததாகச் சொல்லி விற்கப்படுபவை. அவை புத்தத் தாயத்துகளே அல்ல. விற்பவர் சொல்வது பொய்யாக இருந்தால் ஏமாற்று, மெய்யாக இருந்தால் குற்றம்.

தங்க உறை போட்டிருந்தால் அது சுங்க அதிகாரிக்குத் தங்க நகைதான். ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் வசித்து இந்தியா திரும்புபவருக்கு உள்ள தங்க நகைச் சலுகை, சில நாள் சுற்றுலா போய்வருபவருக்குக் கிடையாது. கடைச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, சுங்கத்தில் அறிவிக்க வேண்டிய பொருள் வைத்திருப்பவர்களுக்கான சிவப்பு வழியில் அறிவித்துவிடுவது பாதுகாப்பு. பாதுகாப்புச் சோதனையில் உலோகத் தாயத்தைக் கழற்றச் சொன்னால், காலணி வைத்த தட்டில் போடாமல் சிறு பையில் தனியாக வையுங்கள்.

10. ஊர் வந்த பிறகு

தாயத்து இடுப்புக்கு மேல்தான் இருக்க வேண்டும்; கால்சட்டைப் பையில் வைப்பது மரியாதைக் குறைவு. குளிக்கும்போதும் உறங்கும்போதும் கழற்றித் தலைக்கு மேலான உயரத்தில் வைக்கிறார்கள். துணி உலர்த்தும் கொடியின் கீழ் நடந்தால் ஆற்றல் குறையும் என்ற நம்பிக்கையும் உண்டு. பலவற்றைச் சேர்த்து அணிபவர்கள் ஒன்று, மூன்று, ஐந்து என ஒற்றைப்படையில் அணிந்து, புத்தரை நடுவிலும் துறவிகளைப் பக்கங்களிலும் வைப்பார்கள். அணியும் முன் "நமோ தஸ்ஸ" என்று தொடங்கும் வணக்கத்தை மூன்று முறை சொல்லி, அந்தத் துறவிக்குரிய மந்திரத்தைச் சொல்வது வழக்கம். லுவாங் பு துவாட்டுக்கு "நமோ போதிசத்தோ ஆகந்திமாய இதி பகவா" என்று மூன்று முறை சொல்வார்கள். கொலை, களவு, பொய், தகாத உறவு, மது ஆகிய ஐந்தையும் தவிர்ப்பவருக்கே தாயத்து துணை நிற்கும் என்று துறவிகள் பலர் கொடுக்கும்போதே சொல்லிவிடுகிறார்கள்.

தாயத்து உடைந்துவிட்டால் குப்பையில் போடாதீர்கள். ஏதேனும் ஒரு புத்தக் கோவிலில் ஒப்படைத்தால் ஏற்றுக்கொள்வார்கள். வேறொருவருக்குக் கொடுப்பதாக இருந்தால் நன்கொடைச் சீட்டையும் துண்டறிக்கையையும் கோவில் முகப்பில் எடுத்த படத்தையும் சேர்த்தே கொடுங்கள்; அவர் அதை உறை மாற்றக் கொண்டுபோகும் கடையில் முதலில் கேட்கப்போவது அவற்றைத்தான்.